பட்டிருக்கலாம்

பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்துவிட்டேன், இன்னொரு தடவை தப்பினால் கால் மணி நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும், நிதானமாக அடி, அருணோதயம், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடி, விரலை நம்பாதே. விரலை நம்பித்தானே இருபத்தாறு வருஷம் ஓடியது. முன்பெல்லாம் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தைப் பார்த்தபடி அடிப்பேன். இப்போது வலது கையில் கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல் நுனி பஞ்சைச் சுற்றி வைத்தாற்போல இருக்கிறது, கீ அழுந்தியதா இல்லையா என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, பாஸ்வேர்டு என்றால் திரையிலும் வெறும் புள்ளிகள்தான். புள்ளிகளை எண்ணு. பதினொன்று. சரி. உள்ளே விட்டுவிட்டது. மணி இரண்டு நாற்பது. நான்கு மணிக்குள் முடித்து அறிக்கை அனுப்பவேண்டும், நான்கரைக்குத் தரக் கண்காணிப்புக் குழு உட்காருகிறது. வேலை என்னவோ சின்ன வேலை. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், இந்தக் குளிர் அறையில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆறு சர்வர்கள் இரும்பு அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் அங்குல இடைவெளியில் இரண்டு பட்டன். ஒன்று பவர் பட்டன், அழுத்திப் பிடித்தால் சர்வர் அணைந்துவிடும். மற்றது அடையாள பட்டன், அழுத்தினால் முன்னாலும் பின்னாலும் நீல விளக்கு எரியும், அலமாரியின் பின்பக்கம் போய் நிற்கிறவனுக்கு எது எது என்று தெரியவேண்டுமே, அதற்காக. இன்று ஒன்றாம் எண் சர்வரில் அந்த பவர் பட்டனைச் செயலிழக்கச் செய்யவேண்டும். பிடுங்கவேண்டாம், ஸ்க்ரூ கழற்றவேண்டாம். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் இன்னொரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது, பெரியது அணைந்து கிடந்தாலும் அது விழித்திருக்கும், எது சூடானது, எந்த ஃபேன் நின்றது, முன்பக்கத்தில் எந்த பட்டன் எப்போது அழுந்தியது என்று ஒன்றுவிடாமல் குறித்து வைத்துக்கொள்ளும். அதற்குள் நுழைந்து, முன்பக்கப் பட்டன்கள் என்ற பக்கத்தைத் திறந்து, பவர் பட்டன் வேண்டாம் என்று மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது. எந்த பட்டன் எப்போது அழுந்தியது என்று ஒன்றுவிடாமல். அதை ஏன் இப்போது நினைக்கிறேன்.

பட்டன் பக்கம் திறந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது பதிவேடு என்ற பக்கம், ஒரு சுண்டுவிரல் அகலம் தள்ளி. பத்தொன்பது நாளாக அதைத் திறக்கவில்லை. திறந்து பார்க்கவேண்டிய அவசியம் வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், யாரும் கேட்கவில்லை, கேட்காததை எதற்குத் திறக்கவேண்டும். அவசியம் வரவில்லையா, திறக்கப் பயமா. அன்றைக்கும் இதே வெளிச்சம்தான், காலை பதினொரு மணி என்றாலும் இந்த அறைக்குள் காலையும் மாலையும் ஒன்றுதான். ஒன்றாம் எண் சர்வரில் ஒரு டிஸ்க் ஆரஞ்சு விளக்கு காட்டியது. கம்பெனி இன்ஜினியர் போனில் இருந்தார், சார், முதலில் அடையாள பட்டனை அழுத்திவிட்டுப் பின்பக்கம் போங்கள், தப்பான சர்வரில் கை வைத்துவிடாதீர்கள் என்றார். தப்பான சர்வரில் கை வைத்துவிடாதீர்கள். சரியான சர்வரில்தான் வைத்தேன். இடது கையில் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு, குனிந்து, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த நம்பரை அவருக்கு வாசித்துக்கொண்டே வலது கட்டைவிரலால் அழுத்தினேன். அழுந்திய உணர்வு வரவில்லை. நீல விளக்கும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன். நம்பரில் நடுவே எட்டா மூன்றா என்று ஒரு சந்தேகம், அவர் திரும்பக் கேட்டார், நான் திரும்ப வாசித்தேன். அப்போது சத்தம் இறங்கியது. இருபத்தாறு வருஷமாக இந்தச் சத்தத்துக்குள்தான் இருக்கிறேன், ஆறு சர்வரின் ஃபேன்கள் சேர்ந்து பாடுகிற ஒரே சுருதி, அது இருப்பதே எனக்குத் தெரியாது, அதில் ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி, இறங்கி, இல்லாமல் போனபோதுதான் இத்தனை நாள் அது இருந்தது என்றே தெரிந்தது. நிமிர்ந்தேன். அலமாரி வரிசையின் அந்தக் கோடியில் முப்பிடாதி நின்றுகொண்டிருந்தார், துப்புரவுப் பணி செய்கிற அம்மா, கையில் மாப்புக் கட்டை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாரா, சத்தம் நின்றதைப் பார்த்தாரா. சத்தத்தை யாராவது பார்ப்பார்களா.

பதினான்கு நிமிஷம். சர்வர் மறுபடி எழுந்து, டேட்டாபேஸ் தன்னைச் சரிபார்த்துக்கொண்டு, லேபின் திரைகள் உயிர் பெற அவ்வளவு ஆனது. அந்த நேரத்தில் கீழே ஆபரேஷன் தியேட்டரில் இசக்கிப்பாண்டி என்கிற லாரி ஓட்டுநர் தொடை எலும்பு உடைந்து ரத்தம் போய்க்கொண்டு மேஜைமேல் கிடந்தார், பொருந்துகிற ரத்தம் லேபில் தயாராக இருந்தது, எந்தப் பை யாருக்கு என்கிற விவரம் மட்டும் செத்துப்போன திரைக்குள் இருந்தது. லேபில் இருக்கிற செல்வமீனா எல்லாவற்றையும் கையால் இன்னொரு தடவை சோதித்து, காகிதத்தில் எழுதி, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடினாள். பிழைத்துக்கொண்டார். ஒரு நாள் மூன்றாம் வார்டு வாசலில் போய் நின்றேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள், மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அவர் என்னைப் பார்த்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார், படுக்கை எண் தப்பாக வந்துவிட்டேன் என்றேன். அவருடைய மச்சான் வக்கீல். ஏன் தாமதம் என்று எழுத்தில் கேட்டார். அதனால்தான் விசாரணை, அதனால்தான் அறிக்கை, அதனால்தான் இந்த பட்டன். அன்றைக்கு மதியமே நிர்வாக அதிகாரி கோமதிநாயகம் சார் இங்கே வந்து நின்றார், மரியாதையான மனிதர், யாரையும் சத்தம் போடமாட்டார். அறையில் யார் இருந்தது என்றார். வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்காரர் என்னைக் காட்டி, சார் இருந்தாங்க, கிளீனிங் அம்மா இருந்தாங்க என்றார். கோமதிநாயகம் சார் பட்டனைப் பார்த்தார், மாப்புக் கட்டையைப் பார்த்தார், இது பட்டிருக்குமோ என்று என்னைக் கேட்டார். நான் சொன்னது ஒரே வார்த்தை. பட்டிருக்கலாம். பட்டது என்று சொல்லவில்லை. படவில்லை என்றும் சொல்லவில்லை. லாம். அந்த லாமுக்குள் ஒரு பொம்பளையைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். இல்லை, அப்படி நினைக்காதே, அந்த நிமிஷம் உனக்கே தெரியாது, எந்த பட்டனை அழுத்தினோம் என்று உனக்கே நிச்சயமில்லை, விரலுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரியாதது மனசுக்கு எப்படித் தெரியும். ஆனால் ஒன்று தெரியும். அது கோமதிநாயகம் சாருக்குத் தெரியாது, செக்யூரிட்டிக்குத் தெரியாது, இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும் தெரியும். இந்த சர்வரை வாங்கி வைத்தபோது அமைத்தவனே நான். தெரியாமல் கை பட்டால் அணையக் கூடாது என்று, லேசாகத் தட்டினால் கண்டுகொள்ளாதே என்று நான்தான் அமைத்தேன். நான்கு விநாடி விடாமல் பிடித்தால்தான் அணையும். மாப்புக் கட்டை இடிக்கும், விலகும். நான்கு விநாடி பிடித்துக்கொண்டு நிற்காது.

போன். கோமதிநாயகம் சார். எடுக்கிறேன், சொல்லுங்க சார் என்கிறேன், குரல் சாதாரணமாகத்தான் வருகிறது. முடிந்துவிட்டதா என்று கேட்கிறார், நடந்துகொண்டிருக்கிறது என்கிறேன். பட்டனை அடைத்தபின் அழுத்திப் பார்த்துச் சோதித்ததற்கு அத்தாட்சி இணைக்கவேண்டும், குழு அதைக் கேட்கும் என்கிறார். காரணம் என்ற இடத்தில் ஒரு வரி போதும் என்று அவரே வாசிக்கிறார், துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவால் பவர் பட்டன் அழுந்தியது, இனி நேராதிருக்க பட்டன் அடைக்கப்பட்டது. அந்த அம்மாவை என்ன செய்யப்போகிறீர்கள் சார் என்று கேட்கிறேன், கேட்பேன் என்று நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது. இப்போது சலவைப் பிரிவில்தானே போட்டிருக்கிறோம், அறிக்கை வந்தால் ஒப்பந்தக் கம்பெனி இந்த மாதக் கடைசியோடு நிறுத்திவிடும், நம் கையில் இல்லை என்கிறார். பிறகு, ஏன் அருணோதயம், ஏதாவது இருக்கிறதா என்கிறார். இல்லை சார். வைத்துவிட்டார். முப்பிடாதி பதினோரு வருஷமாக இந்த மாடியைத் துடைத்தவர். வயர்களுக்கு அடியில் துடைக்கும்போது ஒவ்வொன்றையும் கொடியில் துணி ஒதுக்குவதுபோலப் புறங்கையால் ஒதுக்கித் துடைப்பார், புதிதாக வந்த பயிற்சி இன்ஜினியர்களே அப்படிச் செய்யமாட்டார்கள். ஏதாவது இருக்கிறதா என்று கோமதிநாயகம் சார் கேட்டாரே. அது ஒரு வாசல். திறந்துவிட்டு ஒரு விநாடி நின்றார். நான்தான் இல்லை சார் என்றேன்.

முதலில் மாற்று சர்வர். ஒன்றாம் எண்ணுக்கு ஏதாவது ஆனால் ஓடுவதற்கென்று இரண்டாம் எண் சும்மா நிற்கிறது, கையால் மாற்றிவிட அரை மணி நேரம் பிடிக்கும், அதில் செய்து பார்த்துவிட்டுத்தான் உயிருள்ளதில் கை வைக்கவேண்டும். பவர் பட்டன், வேண்டாம். சேமி. சேமிக்கப்பட்டது என்று பச்சையில் சொல்கிறது. எழுந்து அலமாரிக்குப் போகிறேன், ஆறு அடி, முழங்கால் மடக்கிக் குனிகிறேன், வலது கையை நீட்டிவிட்டு மாற்றி இடது கையை நீட்டுகிறேன், இடது சுட்டுவிரலில் இன்னும் உணர்வு இருக்கிறது. என் மனைவி லோகநாயகி ஒரு நாள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, கொதிக்குது, கொஞ்சம் பொறுங்க என்றாள், அதற்குள் நான் வலது கையால் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தேன், அவள் டம்ளரைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மறுநாளிலிருந்து ஆற்றிக் கொடுக்கிறாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் பாதம், அப்புறம் கை, இப்படித்தான் ஏறும் என்று டாக்டர் சொன்னார், பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. ஐம்பத்திரண்டு வயதில் விரல் செத்துப்போன கம்ப்யூட்டர்காரனை யார் வைத்துக்கொள்வார்கள், கண் மங்கிய டிரைவரை வைத்துக்கொள்வார்களா. இடது விரலால் அழுத்துகிறேன். அழுந்துகிறது, பட்டனின் சின்ன எதிர்ப்பு, அப்புறம் அது விட்டுக்கொடுக்கிறது, இவ்வளவு தெளிவாகத் தெரிகிற விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சத்தம் இறங்குகிறது. அதே வழுக்கல். இரண்டாம் எண் அணைந்துவிட்டது.

அணைந்துவிட்டது. அடைத்த பட்டன் எப்படி அணைக்கும். பச்சையில் சொன்னதே, சேமிக்கப்பட்டது என்று. உட்கார், மூச்சு விடு, இது மாற்று சர்வர், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இதற்குத்தானே முதலில் இதில் செய்தது. கையேட்டைத் திறக்கிறேன், அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருக்கிறது, அந்தச் சின்னக் கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்து எழுப்பினால்தான் பட்டன் மாற்றம் அமலுக்கு வரும். சேமித்தது வேறு, அமலுக்கு வந்தது வேறு. எழுப்புகிறேன். இரண்டு நிமிஷம். சர்வரையும் எழுப்புகிறேன், அது ஆறு நிமிஷம். மறுபடி ஆறு அடி, மறுபடி குனிந்து, இடது விரல், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. சத்தம் இறங்கவில்லை. எட்டு. ஓடுகிறது. விரலை எடுத்தபின்னும் விரலில் பட்டனின் வட்டம் பதிந்திருக்கிறது. மணி மூன்று ஐந்து. இனி ஒன்றாம் எண். ஆஸ்பத்திரி முழுக்க இதில்தான் ஓடுகிறது, இந்த நிமிஷம் எத்தனை பேருடைய ரத்தம், எத்தனை பேருடைய மருந்துச் சீட்டு. அமைப்பதற்குப் பயமில்லை. அமைத்தபின் சோதிப்பதற்குத்தான். அடைபட்டது என்று நிரூபிக்க, அணைந்துவிடக் கூடாத ஒன்றை அணைக்கிற மாதிரியே அழுத்திப் பிடிக்கவேண்டும். எவன் எழுதினான் இந்த விதியை. நான்தான். மூன்று வருஷம் முன்னால், உயிருள்ள சர்வரில் எந்த மாற்றம் செய்தாலும் நேரடியாகச் சோதிக்கவேண்டும் என்று நான் எழுதிய விதிதான்.

செல்வமீனாவைக் கூப்பிட்டேன். இப்போது லேபில் அவசரக் கேஸ் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, பத்து நிமிஷம் சும்மாதான், தியேட்டரும் காலி என்றாள். போனை வைத்துவிடாதே, திரையைப் பார்த்துக்கொண்டே இரு, நின்றால் உடனே சொல் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது, குரல் மாறியது. அன்னைக்கு மாதிரியா சார் என்றாள். அன்றைக்கு மாதிரி ஆகாமல் இருக்கத்தான் என்றேன். பவர் பட்டன், வேண்டாம், சேமி. சின்னக் கம்ப்யூட்டரை எழுப்பு. சொடுக்கினேன். ஐந்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஒன்றாம் எண்ணின் ஃபேன்கள் ஒரேயடியாக அலறின. அறையே அலறியது. கண்காணிக்கிற அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் அணைந்திருக்கிற நேரத்தில் சூடேறிவிடக் கூடாதே என்று ஃபேன்கள் முழு வேகத்தில் ஓடும், இரண்டாம் எண்ணில் சாவகாசமாகக் கேட்டபோது இது எனக்கு இயல்பாக இருந்தது, இப்போது உடம்பு முழுக்க அந்தச் சத்தம், பல்லுக்குள் சத்தம். ஓடுதா என்று கத்தினேன். ஓடுது சார் என்றாள். என்ன சார் அந்தச் சத்தம். ஒன்றுமில்லை, ஓடுதா. ஓடுது. இரண்டு நிமிஷம் இப்படியே. இந்தச் சத்தத்துக்குள் ஒரு நினைவும் நிற்காது என்று பார்த்தால் இதற்குள்தான் அந்த முகம் வந்து நிற்கிறது, விசாரணையில் முப்பிடாதியை மேஜைக்கு எதிரே நிற்க வைத்திருந்தார்கள், நான் உட்கார்ந்திருந்தேன், நான் தொடலை சார் என்று ஒரே தடவை சொன்னார், அழவில்லை, கெஞ்சவில்லை, சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார், நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். சத்தம் தணிந்தது. ஃபேன்கள் பழைய சுருதிக்கு வந்தன. குனிந்தேன். இடது சுட்டுவிரலை வைத்தேன். வைத்துவிட்டு எடுத்தேன். அன்றைக்கு அழுத்தியது இந்த விரல் இல்லையே என்று தோன்றியது, சோதனை என்றால் அதே மாதிரி இருக்கவேண்டும் என்று ஒரு கிறுக்கு நியாயம், வலது கட்டைவிரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் வைத்தேன், நகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் அழுத்துகிறேன் என்று அறிந்தேன். எண்ணு. ஒன்று. ஓடுதா. ஓடுது. இரண்டு. மூன்று. செல்வமீனா மூச்சுவிடுவது கேட்கிறது. நான்கு. இங்கேதான், இந்த இடத்தில்தான் அன்றைக்கு. ஓடுதா. ஓடுது சார். ஐந்து, ஆறு, ஏழு. எடுக்கமுடியவில்லை, எடுக்கச் சொல்லியும் விரல் எடுக்கவில்லை, எடுத்துவிட்டேனா இல்லையா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நேரம் பிடித்திருக்க முடியுமா ஒருவனால், தெரியாமலே. முடியும். இதோ. சார், எல்லாம் ஓடுது, வச்சிரட்டுமா என்றாள் அவள். வைத்துவிடு அம்மா என்றேன்.

அத்தாட்சி வேண்டும். அழுத்தினேன், அணையவில்லை என்று அந்தச் சின்னக் கம்ப்யூட்டரே எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இணைக்கவேண்டும். அதற்குப் பதிவேட்டைத் திறந்தாகவேண்டும். பத்தொன்பது நாள் திறக்காததை. திறந்தேன். மேலே இன்றைய வரி, பவர் பட்டன் அழுத்தப்பட்டது, தடுக்கப்பட்டது. அதற்குக் கீழே சில சில்லறை வரிகள், வெப்பம், ஃபேன், டிஸ்க் மாற்றியது. அதற்கும் கீழே, காலை பதினொன்று ஆறு, இருபத்தொன்றாம் விநாடி, பவர் பட்டன் அழுத்தப்பட்டது. இருபத்தைந்தாம் விநாடி, சர்வர் அணைக்கப்பட்டது. முப்பதாம் விநாடி, பவர் பட்டன் விடப்பட்டது. மூன்று வரி. ஒன்பது விநாடி. நான்கு என்றுதான் இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சர்வர் செத்த பிறகும் ஐந்து விநாடி அதன் நெற்றியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறேன், எட்டா மூன்றா என்று கேட்டுக்கொண்டு. அடையாள பட்டனைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதை நான் தொடவே இல்லை. பக்கத்தின் வலது ஓரத்தில் பதிவை அழி என்று ஒரு சின்னச் சிவப்புக் கட்டம். அழித்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பழைய பதிவுகளை அழிப்பது வழக்கம்தான், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானே செய்வதுதான். இன்று செய்தால் என்ன. மவுஸை அங்கே கொண்டுபோனது எந்தக் கை, வலது கை, உணர்வில்லாத கை, அதன்மேல் பழியைப் போடலாம், விரலுக்குத் தெரியாமல் அழுந்திவிட்டது என்று இரண்டாவது தடவையும் சொல்லலாம். லாம். கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது அங்கே கிடந்தது, யாருடையதோ மாதிரி. மணி மூன்று இருபத்தெட்டு. இடது கையாலேயே படமெடுத்தேன், இன்றைய வரியிலிருந்து அந்த மூன்று வரிவரைக்கும் ஒரே படமாக. இடது கையாலேயே காரணத்தை அடித்தேன், நேரம் பிடித்தது. என் வலது கையில் உணர்வு குறைந்திருப்பதால், அடையாள பட்டன் என நினைத்து பவர் பட்டனைத் தெரியாமல் அழுத்திப் பிடித்துவிட்டேன். முப்பிடாதி அம்மாள் சர்வரைத் தொடவில்லை. தட்டியதால் இது அணைய வாய்ப்பில்லை, இணைப்பைப் பார்க்கவும். அருணோதயம். கோமதிநாயகம் சாருக்கும் குழுவுக்கும் சேர்த்து அனுப்பினேன். போய்விட்டது. உடனே எழுந்துவிட்டேன், உட்கார்ந்திருந்தால் திரும்ப வாங்க வழி தேடியிருப்பேன்.

சலவைப் பிரிவு கட்டடத்தின் பின்னால், தரைக்குக் கீழே. மூன்று மாடி இறங்கினேன், லிஃப்டில் யாரோடும் நிற்க முடியாது என்று தோன்றியது. குளிரிலிருந்து வந்த உடம்பில் அங்கிருந்த ஆவி முகத்தில் அறைந்தது, கண்ணாடி மூடிக்கொண்டது, துடைத்துப் போட்டபோது முப்பிடாதி நீள மேஜையில் பச்சைத் துணிகளை நான்காக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வாங்க சார் என்றார், மடிப்பதை நிறுத்தவில்லை. எப்படித் தொடங்குவது என்று படியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு அணைத்தது நான்தான் அம்மா என்றேன்.

“தெரியும் சார். நீங்க குனிஞ்சு அமுக்கிட்டே நின்னதை நான் பாத்தேம்லா.”

யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொன்னாராம். ஆபீசர் மேலேயே பழி போடுகிறாயா என்று அவர் கேட்டாராம். அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்ல என்றார், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, இந்தத் துணி ஈரம் என்று சொல்கிற மாதிரி. விசாரணையில் என் பக்கம் திரும்பியது அதற்குத்தான். நான் சொல்வேன் என்று. பேனா மூடி. எழுதி அனுப்பிவிட்டேன் அம்மா, உங்கள் பெயரைப் போட்டு, நீங்கள் தொடவில்லை என்று எழுதியிருக்கிறேன் என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை, வாசியுங்கள் என்றார். போனில் திறந்து வாசித்தேன். ஆவிச் சத்தத்தில் கேட்கவேண்டுமே என்று உரக்க வாசித்தேன், கோடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவருடைய பெயர் வந்த வரியில் தலையை லேசாக ஆட்டினார். முடித்ததும் முதல் வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“அமுக்குனது தெரியாம. சரி. இத்தனை நாளு சொல்லாம இருந்தது தெரிஞ்சுதான சார்? அது இதுல இல்லையே.”

அனுப்பிவிட்டேன் அம்மா, போய்விட்டது என்றேன். போனால் என்ன, இன்னொன்று போடுங்கள் என்றார். கோபம் இல்லை. ஒரு மடிப்பு கோணலாக இருந்தால் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்கிற தோரணை. நின்றபடியே இடது கையால் அடிக்கத் தொடங்கினேன், எழுத்து ஒவ்வொன்றாக, ஆவியில் திரை நனைந்து நனைந்து தப்பெழுத்தாக விழுந்தது, அழித்து அழித்து அடித்தேன், அவர் மேஜைக்குத் திரும்பி மடிக்கத் தொடங்கினார், கண் மட்டும் இங்கே இருந்தது. மாப்புக் கட்டை பட்டால் இந்த சர்வர் அணையாது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். முப்பிடாதி அம்மாள்மேல் பழி விழுந்தபோது நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது நாள் தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அனுப்புங்க என்றார். அதே நேரம் போன் அதிர்ந்தது, திரை முழுக்கக் கோமதிநாயகம் சாரின் பெயர், அடித்த வரிகள் அதற்கு அடியில் போய்விட்டன. பெயரை ஓரமாகத் தள்ளிவிட்டு வரிகளைத் தேடிப் பிடித்து, கண்ணால் பார்த்து, அழுத்தினேன். போய்விட்டது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“எடுங்க சார்” என்றார் முப்பிடாதி. “இங்க நின்னே பேசுங்க.”

எடுத்தேன்.